தோட்டத்து மூச்சு – 17: கினிப்பன்றியை நம்பியவர்கள்

சென்ற வாரம் ஊமத்தைச் சிகரெட்டோடு நிறுத்தினோம். சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இரைப்புக்காரர்கள் ஊமத்தையைப் புகைத்தால் மூச்சு விடுவதைக் கண்டார். ஜெனரல் ஜென்ட் 1802-இல் அந்தச் சேதியைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். நம் வேலியோரத்துச் செடி அங்கிருந்து ஆஸ்துமா சிகரெட்டாக உருமாறிக் கப்பலேறியது. அதற்கு முந்திய வாரம் அட்ரினலின் ஊசியையும் எஃபெட்ரின் மாத்திரையையும் பார்த்தோம்.

ஊமத்தை, அட்ரினலின், எஃபெட்ரின். மூன்றும் ஓரளவு வேலை செய்தன. மூன்றுக்கும் ஏதோ ஒரு தொல்லை இருந்தது: ஒன்று வாயை வறட்டும், மற்ற இரண்டும் நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

நான்காவதாக வந்த மருந்துக்குக் கிடைத்த வரவேற்பு இந்த மூன்றுக்கும் கிடைத்ததில்லை. அது தந்த ஏமாற்றமும் அப்படித்தான்.

*

1948-ஐ மலாயாவின் சுங்கை சிப்புட் மறக்காது.

ஜூன் 16 காலை எல்ஃபில் ரப்பர் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அந்த அரசியலை எழுதியவர்கள் ஏராளம். நான் அதற்குள் போகவில்லை. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு வந்த இரவுகள்.

ஊரடங்கு வந்தது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றுகூட்டி முள்வேலி போட்டார்கள். இருட்டிய பிறகு வெளியே நடமாடுகிறவன் யாரென்று பார்த்துவிட்டுச் சுடும் பொறுமை எல்லாக் காவலருக்கும் இல்லை.

இரைப்பு நோயோ இரவில்தான் முற்றும். பின்னிரவில், கோழி கூவுவதற்கு முன்னால், மூச்சுக்குழல் இயல்பாகவே மிகவும் ஒடுங்கியிருக்கும் நேரம் அது. பகலெல்லாம் நிரை முடித்து, பால் எடுத்து, மங்கு கழுவி நன்றாக இருந்தவர் அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, கைகளை முட்டியில் ஊன்றிக்கொண்டு காற்றுக்குப் போராடுவார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரை எழுப்பினால் அட்ரினலின் ஊசி உண்டு. ஆனால் டிரெசர் வீடு ஒரு பக்கம், லயம் ஒரு பக்கம். ஈப்போ பெரியாஸ்பத்திரி அதைவிடத் தூரம்.

அதனால் ஒரு மாத்திரை வேண்டியிருந்தது. ஊசியும் வேண்டாம், புகையும் வேண்டாம். சேலை முந்தானையில் முடிந்து வைத்து, படுக்கப் போகும்போது தண்ணீரோடு விழுங்கக்கூடிய ஒன்று.

அப்படி ஒரு மாத்திரை அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்தது.

*

கதை 38 ஆண்டு பின்னால் போகிறது.

1910, லண்டன். வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் ஒரு சிறிய வேதிப்பொருளை வைத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் சாற்றில் அது இருந்தது. 1907-இலேயே விண்டவுசும் ஃபோக்ட்டும் அதை ஜெர்மனியில் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். எதற்குப் பயன்படும் என்றுதான் யாருக்கும் தெரியாது. பின்னாளில் அதற்கு ஹிஸ்டமின் என்று பெயர் நிலைத்தது.

அதைக் கினிப்பன்றியின் ரத்தக் குழாயில் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் விலங்கு மூச்சு முட்டிச் செத்தது.

மார்பைத் திறந்து பார்த்தபோது நுரையீரல் சுருங்கிக் கிடக்கவில்லை. நேர்மாறாக, காற்று நிறைந்து ஊதிப்போய் இருந்தது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டது. மூச்சுக்குழல்களைச் சுற்றி வளையமாக ஓடும் மென்தசை இறுகி, குழலை நெரித்துவிட்டிருந்தது.

இதே காட்சியை அதே காலத்தில் அமெரிக்காவில் ஆயரும் லூயிசும் வேறு வழியில் கண்டிருந்தார்கள். அவர்களுடைய கினிப்பன்றிகளுக்கு ஹிஸ்டமின் கொடுக்கப்படவில்லை. ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றி, சில வாரம் விட்டு, அதே புரதத்தை மறுபடி ஏற்றினார்கள். இரண்டாவது ஊசியில் ஒவ்வாமை அதிர்ச்சி வந்து, அதே ஊதிப்போன நுரையீரலோடு விலங்கு செத்தது.

இரண்டு சாவும் ஒன்றுபோல் இருந்தன. அப்படியானால் ஒவ்வாமை என்பதே உடலுக்குள் ஹிஸ்டமின் கட்டவிழ்வதுதானா?

1927-இல் டேலும் தோழர்களும் புத்தம் புதிய நுரையீரலிலிருந்தும் ஈரலிலிருந்தும் ஹிஸ்டமினைப் பிரித்தெடுத்தார்கள். பொருள் வெளியிலிருந்து வரவேண்டியதே இல்லை. நம் நெஞ்சுக்குள்ளேயே சேமிப்பில் கிடக்கிறது. சந்தேகம் கிட்டத்தட்ட தீர்ப்பாகிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் மெல்ல ஒதுக்கி வைத்தார்கள். ஹிஸ்டமின் எல்லா விலங்கையும் ஒரே மாதிரி கொல்லவில்லை. முயலில் அது நுரையீரலின் ரத்தக் குழாயைப் பிடித்தது. நாயில் ஈரலில் ரத்தம் தேங்கியது. எலி பெரிய அளவுகளையும் தாங்கிக்கொண்டது. மூச்சுக்குழல் தசை இப்படி வெறிபிடித்தாற்போல் இறுகியது கினிப்பன்றியில்தான்.

மனிதன் இதில் எந்த விலங்கைப் போல? அந்தக் கேள்வியை அழுத்திக் கேட்க யாருக்கும் அவசரம் இல்லை.

*

1937, பாரிஸ். பாஸ்டர் நிறுவனத்தில் எர்னெஸ்ட் ஃபூர்னோவின் வேதியியல் கூடம்.

முப்பது வயதான டேனியல் போவே ஒரு எளிய கேள்வியிலிருந்து தொடங்கினார். அட்ரினலினைத் தடுக்கும் பொருள் உண்டு. அசிட்டில்கோலினைத் தடுக்கும் பொருள் உண்டு. ஊமத்தைக் குடும்பத்து அட்ரோபின் அதுதான். உடலில் இவ்வளவு அட்டகாசம் செய்யும் ஹிஸ்டமினுக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?

கூடத்தில் வேறு காரணங்களுக்காகத் தயாரித்து வைத்திருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். உடன் இருந்தவர் ஆன்-மரி ஸ்டாப் என்ற இளம் பெண் ஆய்வாளர். 929எஃப் என்று எண்ணிட்ட புட்டியில் விடை கிடைத்தது. கொல்லக்கூடிய அளவு ஹிஸ்டமினை ஏற்றிய பிறகும் அந்தக் கினிப்பன்றிகள் பிழைத்தன.

929எஃப்பை மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை, நச்சு அதிகம். ஆனால் வழி திறந்துவிட்டது. 1942-இல், ஜெர்மானியர் பிடியில் பிரான்ஸ் இருந்த நாட்களில், பெர்னார்ட் ஆல்பெர்ன் ஆன்டர்கன் என்ற முதல் பயன்படு மருந்தை வெளியிட்டார். 1944-இல் போவேயின் குழு அதைவிடப் பத்திரமான மெபிரமினைக் கொடுத்தது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ரீவ்ஷல் தேடிக்கொண்டிருந்தது ஒவ்வாமை மருந்தையே அல்ல, இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்தை. 1943-இல் அவர் கையில் டைஃபென்ஹைட்ரமின் அகப்பட்டது. 1946-இல் பெனட்ரில் என்ற பெயரோடு மருந்துக் கடைக்கு வந்தது. நாலைந்து ஆண்டில் குளோர்ஃபெனிரமின் சேர்ந்துகொண்டது. நம் ஊர் கிளினிக்குகளில் இன்றும் சின்ன உறையில் போட்டுத் தரும் மஞ்சள் பிரிட்டோன் மாத்திரை அதுதான்.

1957-இல் போவேக்கு நோபல் பரிசு கிடைத்தது. டேல் வேறொரு ஆய்வுக்காக 1936-லேயே அதை வாங்கிவிட்டிருந்தார்.

ஹிஸ்டமினைக் கண்டார்கள், அது தசையை நெரிப்பதைக் கண்டார்கள், அதைத் தடுக்கும் மாத்திரையும் கையில். ஆஸ்துமா ஒழிந்தது என்று மருத்துவர்கள் நம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

*

இங்கே சற்று நின்று, அந்த மாத்திரை தசையிடம் என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டும். முழுக் கதையும் இதில்தான் தொங்குகிறது.

மூச்சுக்குழல் தசையின் ஒவ்வொரு செல்லின் மேலும் ஹிஸ்டமின் வந்து அமர்வதற்கென்றே ஏற்பிகள் உண்டு. எச்-1 ஏற்பி என்பார்கள். ஹிஸ்டமின் அதில் உட்கார்ந்ததும் செல்லுக்குள் தனியே அடைத்து வைத்திருந்த கால்சியம் செல்லெங்கும் கொட்டும். கால்சியம் பெருகினால் தசை இழைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். குழல் ஒடுங்கும்.

ஆன்டிஹிஸ்டமின் அந்த இருக்கையில் முந்திப் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்து ஒன்றும் செய்வதில்லை. ஹிஸ்டமினுக்கு இடம் விடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஹிஸ்டமின் வெள்ளமாக வந்தால் போட்டியில் தோற்கவும் கூடும்.

கவனியுங்கள்: இறுகிய தசையை அது தளர்த்துவதில்லை. இறுகு என்று வரும் ஒரு குறிப்பிட்ட உத்தரவைத்தான் நிறுத்துகிறது.

அட்ரினலின் அப்படி அல்ல. அதற்குத் தனி ஏற்பி, தனி வழி. யார் உத்தரவில் தசை இறுகியிருந்தாலும் சரி, நேரே உள்ளே போய்த் தளர்த்திவிடும். இன்று பையில் வைத்திருக்கும் நீல நிற வென்டோலின், 1960-களின் கடைசியில் வந்த சல்பியூட்டமால், அதே வழியில் நெஞ்சைக் குறைவாகத் தொந்தரவு செய்து போகும் மருந்து.

ஒரு தோட்டத்தில் பல கங்காணிகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கங்காணியின் வாயைக் கட்டினால் அவருடைய ஆட்கள் நிற்பார்கள். மற்றவர்களின் ஆட்கள் வேலை செய்துகொண்டே இருப்பார்கள். கினிப்பன்றியின் மூச்சுக்குழலில் பெரிய கங்காணி ஹிஸ்டமின். அவர் வாயைக் கட்டினால் தோட்டமே அடங்கிவிடும். மனிதனின் மூச்சுக்குழலில் எத்தனை பேர் என்று 1946-இல் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

*

எண்ணாமலேயே கொடுத்துப் பார்த்தார்கள்.

தொடக்கத்தில் நல்ல சகுனம்தான். 1946-இல் அமெரிக்காவில் ஜான் கரி என்ற மருத்துவர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஹிஸ்டமின் கொடுத்துப் பார்த்தார். இல்லாதவர்களின் மூச்சு பெரிதாகக் கெடவில்லை. ஆஸ்துமாக்காரர்களுக்கு மட்டும் குழல் ஒடுங்கி இரைப்பு வந்தது. அவர்களுடைய தசை ஹிஸ்டமினுக்கு மிகையாகக் கூசுகிறது என்பது நிரூபணமாயிற்று. முன்கூட்டியே புது மாத்திரையைக் கொடுத்தால் அந்த ஒடுக்கம் தடுக்கப்பட்டது.

இதுவரை எல்லாம் பாரிஸ் கினிப்பன்றி சொன்னபடியே நடந்தது.

பிறகு உண்மையான நோயாளிகள் வந்தார்கள். யாரும் ஹிஸ்டமின் ஏற்றி வரவழைக்காத, தானாக நடு இரவில் வந்த இரைப்போடு. மாத்திரை கொடுக்கப்பட்டது. மூக்கு ஒழுகல் நின்றது, தும்மல் நின்றது, தோலில் எழுந்த தடிப்பு அடங்கியது. நோயாளி சொக்கிச் சொக்கித் தூங்கினார், ஏனென்றால் அந்தக் கால ஆன்டிஹிஸ்டமின்கள் மூளைக்குள்ளும் புகுந்துவிடும்.

நெஞ்சு மட்டும் விசிலடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மருத்துவமனையில் மட்டுமல்ல, ஒரு நாட்டில் மட்டுமல்ல. 1950 வாக்கில் மருத்துவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது: ஒரே ஒவ்வாமை, ஒரே உடல், மூக்கிலும் தோலிலும் ஜெயித்த மருந்து மூச்சுக்குழலில் தோற்கிறது. அதே சமயம் அமெரிக்கக் கடைகளில் சளிக்கென்று அதே மாத்திரைகள் கூடை கூடையாக விற்றன. வியாபாரத்துக்கு எந்தக் குறையும் வரவில்லை.

ஏன் தோற்றது? அளவு போதவில்லை என்றார்கள் சிலர். தசைக்குள் மருந்து போய்ச் சேரவில்லை, ஹிஸ்டமின் செல்லுக்கு ஒட்டிய இடத்திலேயே பிறப்பதால் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருந்தன. கினிப்பன்றி பொய் சொல்லியிருக்கலாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

*

1951, லண்டன். பல்கலைக்கழகக் கல்லூரி.

ஹைன்ஸ் ஷில்ட் ஒரு மருந்தியலாளர். ஒரு தடுப்பு மருந்து எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணில் சொல்ல வழி வகுத்தவர். கேள்வியை விலங்கிடம் கேட்பதை விட்டு மனிதனிடமே கேட்க முடிவு செய்தார். ஹாக்கின்ஸ், மோங்கர், ஆஸ்துமா மருத்துவர் ஹெர்க்ஸ்ஹைமர் மூவரும் உடன் இருந்தார்கள்.

கேட்பது சுலபமல்ல. உயிரோடு இருக்கும் மனித மூச்சுக்குழல் வேண்டும், அதுவும் ஆஸ்துமாக்காரருடையது. அப்படிப்பட்ட ஒருவருக்கு வேறு காரணத்துக்காக நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைசிகிச்சை நடக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அப்படிக் கிடைத்தது. வெட்டியெடுத்த மூச்சுக்குழலிலிருந்து துண்டை நறுக்கி, இளஞ்சூடான உப்புநீரில் தொங்கவிட்டு, உயிர்க்காற்று குமிழியிடச் செய்தார்கள். தசை சுருங்கினால் அதன் இழுப்பு கோடாகப் பதியும்.

முதலில் நீரில் ஹிஸ்டமின் விட்டார்கள். தசை சுருங்கியது. கோடு மேலே ஏறியது.

கழுவினார்கள். மெபிரமினை விட்டு, மறுபடி ஹிஸ்டமின். தசை அசையவில்லை. ஆக, மருந்து மனிதத் தசைக்குள் போய்ச் சேருகிறது. சொன்ன வேலையைச் செய்கிறது. அளவு போதவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

அடுத்து வந்ததுதான் தீர்ப்பு. ஹிஸ்டமினைத் தடுக்கும் மெபிரமின் நீரில் இருக்கும்போதே, அந்த நோயாளிக்கு எந்தப் பொருள் ஒவ்வாதோ அதன் சாற்றை விட்டார்கள்.

தசை சுருங்கியது.

தோட்டத்து லயத்தில் இரவில் நடப்பதே அந்தக் கண்ணாடிக் குவளைக்குள்ளும் நடந்தது. ஹிஸ்டமினின் இருக்கைகள் எல்லாம் அடைபட்டிருந்தன. ஆனாலும் இறுகு என்ற உத்தரவு வேறு எங்கிருந்தோ வந்தது. நுரையீரல் துண்டு ஹிஸ்டமினையும் வெளியிட்டிருந்தது, அது உண்மை. ஆனால் தசையை நெரித்தது அது மட்டுமல்ல.

மனித மூச்சுக்குழலில் வேறொருவர் இருக்கிறார்.

*

அந்த வேறொருவரை ஏற்கெனவே ஒருவர் சந்தித்திருந்தார். சந்தித்தது நல்ல பாம்பின் தயவால்.

வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் யூதர் என்ற காரணத்தால் 1933-இல் பெர்லினில் வேலையை இழந்து, லண்டனில் டேலிடம் அடைக்கலமானவர். 1930-களின் நடுவில் மெல்பர்னுக்குப் போய் சார்லஸ் கெல்லவேயோடு பாம்பு விஷங்களை ஆராய்ந்தார். நாகப்பாம்பு விஷத்தைக் கினிப்பன்றியின் நுரையீரல் வழியே செலுத்தி, வெளியே வந்த நீரைக் குடல் தசையில் விட்டுப் பார்த்தார்கள். ஹிஸ்டமின் பட்டால் தசை சட்டென்று சுருங்கிச் சட்டென்று விடும். இந்த நீரோ வேறுவிதம். மெதுவாகச் சுருக்கியது, கழுவிய பிறகும் நெடுநேரம் விடவில்லை. 1938-இல் அதை வெளியிட்டார்கள். மெதுவாக வினைபுரியும் பொருள் என்றே பெயரும் வைத்தார்கள்.

1940-இல் கெல்லவேயும் டிரெத்தவேயும் பாம்பு விஷம் இல்லாமலேயே, வெறும் ஒவ்வாமை அதிர்ச்சியிலும் அதே மந்தமான பொருள் நுரையீரலிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள்.

ஆண்டைப் பாருங்கள். 1940. ஆன்டர்கன் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு. ஹிஸ்டமின் தனி ஆள் இல்லை என்ற சேதி, ஹிஸ்டமினுக்கான முதல் மாத்திரைக்கு முன்பே அச்சாகிவிட்டது. நடுவில் உலகப் போர். மெல்பர்ன் வெகு தூரம். பொருளோ கைக்கு அகப்படாமல் நழுவுகிறது. ஆனாலும் பாரிசும் சின்சினாட்டியும் அதைக் கவனித்திருந்தால் எத்தனையோ நோயாளிகளுக்கு வீண் நம்பிக்கை மிச்சமாகியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1960-இல் வால்டர் பிராக்கிள்ஹர்ஸ்ட் ஆஸ்துமா நோயாளியின் நுரையீரல் துண்டுகளிலும் அது உண்டாவதை உறுதி செய்தார். மனித மூச்சுக்குழல் தசை அதற்குப் பலமாக இறுகியது. ஆன்டிஹிஸ்டமின் அதைத் தொடக்கூட இல்லை. அதன் வேதி உருவம் தெரிய மேலும் 19 ஆண்டு ஆயின. 1979-இல் ஸ்வீடனில் பெங்ட் சாமுவெல்சனின் குழு அதை அவிழ்த்தது: லூக்கோட்ரையீன்கள். மனித மூச்சுக்குழலை இறுக்குவதில் ஹிஸ்டமினைப்போல் சுமார் ஆயிரம் மடங்கு வலிமை. 1982-இல் சாமுவெல்சனுக்கும் நோபல். அதைத் தடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரை வர 1990-களின் பிற்பகுதி ஆயிற்று.

*

அப்படியென்றால் மஞ்சள் மாத்திரையைக் குப்பையில் போட வேண்டியதுதானா? அதுவும் நியாயமில்லை.

1970-களில் திரும்பிப் பார்த்தார்கள். குளோர்ஃபெனிரமினை ரத்தக் குழாய் வழியாகவோ, வேறு ஆன்டிஹிஸ்டமின்களை முகரவைத்தோ கொடுத்தபோது ஆஸ்துமாக்காரர்களின் குழல் கொஞ்சம் விரிந்தது. சிறிய விரிவு, ஆனால் உண்மையான விரிவு. சும்மா இருக்கும்போதும் ஹிஸ்டமின் அந்தத் தசையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தீவிரமான இரைப்பில் அந்தச் சிறிய விரிவு ஒரு மூலைக்கும் போதாது.

இன்னொன்றும் உண்டு. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் எச்-1 ஏற்பியோடு நிற்பதில்லை. அசிட்டில்கோலினின் ஏற்பியையும் ஓரளவு அடைக்கின்றன. அதாவது சென்ற வாரம் பார்த்த ஊமத்தையின் வேலையில் ஒரு சிட்டிகை இவற்றிலும் உண்டு. வாய் உலர்வதும் மூக்கு உலர்வதும் அதனால்தான். நெஞ்சுச் சளியும் இப்படி உலர்ந்து கெட்டியாகிக் குழலை அடைத்துவிடும் என்று பயந்து, ஆஸ்துமாக்காரர்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் குறிப்புத் தாள்களில் பல ஆண்டு அச்சடித்து வந்தார்கள். பிறகு அந்தப் பயம் பெரும்பாலும் மிகை என்று தெரிந்தது. ஆஸ்துமாவோடு மூக்கு ஒவ்வாமையும் இருப்பவர் மூக்குக்காக இந்த மாத்திரையைச் சாப்பிடுவதில் பொதுவாகத் தடையில்லை. புதிதாக வந்த செட்டிரிசின், லோராட்டடின் போன்றவை தூக்கத்தையும் வறட்சியையும் குறைத்துக்கொண்டன.

ஆபத்து வேறிடத்தில். இரைப்பு வந்த இரவில் இதை விழுங்கிவிட்டு விடியட்டும் என்று படுப்பதில்தான் ஆபத்து. மாத்திரை தூங்க வைக்கும். குழல் ஒடுங்கிக்கொண்டே போகும். ஊரடங்கு போய் எத்தனையோ ஆண்டு ஆனாலும் இந்தப் பழக்கம் நம் வீடுகளை விட்டு முழுதாகப் போகவில்லை. நுரையீரல் நிபுணரான டாக்டர் ஜெயக்குமார் தேவராஜை 2008 முதல் 2018 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஊர் சுங்கை சிப்புட். அந்தத் தொகுதியிலேயே சளி மாத்திரைக்கும் மூச்சு மருந்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பது கொஞ்சம் வெட்கம்தான்.

*

இதோடு இந்த வாரத்தை முடித்திருக்கலாம். ஹிஸ்டமின் தோற்றது, லூக்கோட்ரையீன் பிடிபட்டது. ஆனால் நம் தோட்டத்துக் கணக்கு இதில் அடங்கவில்லை.

1940-களில் மருத்துவர்கள் கையில் இன்னொரு விதமான இரைப்புக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரவில் இருமல், விசில் சத்தம், காய்ச்சல், மெலிவு. மார்பு எக்ஸ்ரேயில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். காசநோயோ என்று சானட்டோரியத்தில் படுக்க வைத்தார்கள். சளியில் கிருமி இல்லை. ஆஸ்துமாவோ என்று எஃபெட்ரின் கொடுத்தார்கள், நோய் போகவில்லை. ரத்தத்தைச் சோதித்தபோது மட்டும் ஒரு விசித்திரம். வெள்ளை அணுக்களில் சாதாரணமாக நூற்றுக்கு இரண்டு மூன்றாக இருக்கும் ஈசினோஃபில் அணுக்கள் இவர்களிடம் பாதிக்கு மேல்கூட ஏறி நின்றன.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் இதை முதலில் விரிவாக எழுதினார்கள். காசநோய் வேடமிட்ட நோய் என்றார்கள். 1943-இல் வைங்கார்ட்டன் இந்தியாவில் கண்ட 81 பேரை வைத்து அதற்கு வெப்பமண்டல ஈசினோஃபிலியா என்று பெயரிட்டார்.

அவர் கண்ட வைத்தியம் இன்னும் விசித்திரம். எந்த மூச்சு மருந்துக்கும் முழுதாக அடங்காத அந்த இரைப்பு, மேகநோய்க்குப் போடும் ஆர்செனிக் ஊசிக்கு அடங்கியது. ஆர்செனிக் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தும் மருந்தல்ல. ஹிஸ்டமினைத் தடுப்பதும் அல்ல. அது கொல்லும் மருந்து. எதைக் கொன்றது?

அதே நோய் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தலைகாட்டியது. சிங்கப்பூரில் அதைப் பிடித்துக்கொண்டு விடாமல் துரத்தியவர் ஒரு தமிழ் மருத்துவர்: டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவரானவர். வார்டில் வந்து படுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தபோது ஒன்று கண்ணில் அறைந்தது. ஊரில் சீனர்கள்தான் பெரும்பான்மை, மலாய்க்காரர்களும் உண்டு. நோயாளிகளிலோ இந்தியர்கள், மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவில், நிரம்பியிருந்தார்கள்.

ஒரே ஊர், ஒரே மழை, ஒரே காற்று. எந்த ஆன்டிஹிஸ்டமினும் தொடாத அந்த இரைப்பு ஏன் நம்மவர்களின் நெஞ்சையே தேடி வந்தது? ஆர்செனிக்குக்குப் பயந்து அவர்களுடைய நுரையீரலுக்குள் ஒளிந்திருந்தது எது?

(தொடரும்)